பச்சைக் களிமண்ணில் 212-ஆம் பல்

ரொசாரியோ
1969 மார்ச் 4

திரு. லெயாந்த்ரோ உகார்த்தே அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அலுவல் விஷயமாக எழுதுகிறேன்.

போன வாரம் டாக்டர் செவெரினி எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தார். எலும்புப் பிரிவின் இழுப்பறைகளைப் பார்க்க அனுமதி கேட்டார். மறுக்க எனக்கு உரிமை இல்லை. கடைசி வரிசையில் ‘ஐயத்துக்குரியவை’ என்று எழுதிய பெட்டியில் 212 என்று எண்ணிட்ட பல் அவர் கண்ணில் பட்டுவிட்டது. கீழ்க் கடைவாய்ப் பல், உயரம் 31 மில்லிமீட்டர். உங்கள் குறிப்பேட்டில் அதற்கு எதிரே இருப்பது: ‘பச்சைக் களிமண். சாம்பல் அடுக்குக்கு நான்கு மீட்டர் கீழே. இருந்த இடத்திலேயே எடுத்தது. 22 ஜனவரி 1961.’

இதன் விளைவு உங்களுக்குத் தெரியும். தெற்கே சுபுத் மேட்டுநிலத்தின் அந்தச் சரிவில் நாம் சேகரித்த பற்களில் 340-ஐ, கிடைத்த அடுக்கின்படி கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தி 1966-இல் அட்டவணை வெளியிட்டேன். அடியில் பச்சை நிறக் களிமண்ணில் இருந்தவை பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் குட்டைப் பற்கள். சாம்பல் அடுக்குக்கு மேலே உள்ளவை முப்பதைத் தாண்டுகின்றன. எரிமலைச் சாம்பல் படிந்த தழையை மேயும் விலங்குக்குப் பல் சீக்கிரம் தேயும். சற்று நீளமான பல்லோடு பிறந்தது கூடுதல் ஆண்டுகள் மேய்ந்திருக்கும், கூடுதல் குட்டிகள் ஈன்றிருக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் அந்த இனமே நீளப்பல் இனமாயிற்று. மாற்றம் நடந்ததைச் செவெரினியும் மறுக்கவில்லை. அது ஒரே நேர்க்கோட்டில், படிப்படியாக நடந்தது என்பது என் வாதம். எல்லோரும் அதை ‘பார்ராலின் படிக்கட்டு’ என்கிறார்கள். முப்பத்தொரு மில்லிமீட்டர் பல் அடிப்படியிலேயே கிடந்தால் படிக்கட்டு கிடையாது.

அக்டோபரில் புதைபடிவ ஆய்வாளர் சங்கக் கூட்டம். பிரிவுத் தலைமைக்கு என் பெயர் பரிசீலனையில் இருக்கிறது. செவெரினி அந்தக் கூட்டத்தில் 212-ஐப் பற்றிப் பேசப்போகிறார்.

ஆகவே ஒரே கேள்வி. அந்தப் பல் களிமண்ணுக்குள் பதிந்திருந்ததா? அல்லது மேல் அடுக்கிலிருந்து உருண்டு வந்து சரிவில் கிடந்ததா? உருண்டு வந்ததை இருந்த இடம் என்று எழுதிவிடுவது எவருக்கும் நேரக்கூடிய பிழை.

டாக்டர் ஒர்த்தென்சியா பார்ரால்


சாம்பல் பள்ளம், ஆட்டுக் குடில்
1969 ஏப்ரல் 11

தென்சா,

மூன்று வருடத்தில் நான் ‘திரு’வும் ‘அவர்களு’ம் ஆகிவிட்டேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு உறைக்குள் வேறு காகிதம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஊதிப் பார்த்தேன். இல்லை.

தபால் லாரிக்கார எலிசாந்த்ரோ அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே இறங்கினான். “அண்ணே, முத்திரை போட்ட லெட்டர். ஜெயிலா, கல்யாணமா?” என்றான். “ரெண்டையும் பாத்து முடிச்சவன்டா நான்” என்றேன். அவன் போன பிறகு ஒன்பது நாள் வேறு மனிதக் குரல் கேட்கவில்லை. ஒன்பது என்று தெரிவதற்குக் காரணம், நான் எண்ணுகிறேன்.

இது ஆட்டின் வாய் பார்க்கும் மாதம். தொள்ளாயிரம் பெட்டையாடுகளின் உதட்டுக்குள் கட்டைவிரலை விட்டு முன்பல்லைத் தடவியாயிற்று. பல் தேய்ந்தது ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தைத் தாண்டாது. அதற்குக் கொம்பில் சிவப்பு மை, பிறகு லாரி. ஓடையோரம் மேய்ந்தவை எட்டு வயதுவரை தாங்குகின்றன. குடிலுக்கு மேலே நாம் தோண்டிய சாம்பல் மேட்டில் மேய்ந்தவற்றுக்கு ஐந்து வயதிலேயே ஈறுதான் மிச்சம். நீ அட்டவணை போட்டுச் சொன்னதை என் கட்டைவிரல் சொல்கிறது. இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

பல்லைப் பற்றி: எட்டு வருடக் கதை. நினைவில்லை. எழுதியது எழுதியதுதான். நீ 340 என்கிறாய். நான் எண்ணிட்டுக் கொடுத்தவை 341. எண்ணுவதில் நீ தப்புகிறவள் இல்லை.

உன் இருமல் போயிற்றா?

லெயாந்த்ரோ


ரொசாரியோ
1969 மே 6

லெயாந்த்ரோ,

சரி, நீ என்றே எழுதுகிறேன்.

உனக்கு நினைவில்லை என்பதை நான் நம்பவில்லை. எந்தக் கல்லை எந்தப் புதருக்குப் பக்கத்தில் எடுத்தாய் என்று பத்து வருடம் கழித்தும் சொல்லக்கூடிய ஒரே ஆளை எனக்குத் தெரியும்.

341 என்று நீ குத்தியது புரிகிறது. ஆம், 212-ஐ அட்டவணையில் சேர்க்காமல் பெட்டியில் வைத்தவள் நான்தான். முந்நூற்று நாற்பது பற்கள் ஒன்றைச் சொல்லும்போது ஒரே ஒரு பல் வேறொன்றைச் சொன்னால், பிழை அந்த ஒன்றில்தான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அட்டவணை வெளிவந்த அன்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்கே போனாய்.

கூட்டத்துக்கான என் குறிப்பை ஜூன் பத்துக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கடிதம் போய்வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் உங்கள் பக்கத்து வானொலி நிலையத்துக்குத் தந்தி அடித்திருக்கிறேன். மதியம் பண்ணைக்காரர்களுக்குச் செய்தி வாசிப்பார்களே, அதில் உனக்கும் ஒன்று வரும். எல்லோர் காதிலும் விழும் என்று தெரியும். மன்னித்துக்கொள். வேறு வழி தெரியவில்லை.

இருமல் போகவில்லை.

ஒர்த்தென்சியா


சாம்பல் பள்ளம்
1969 மே 19

தென்சா,

என் வானொலிக்கு பேட்டரி தீர்ந்து இருபது நாளாயிற்று. உன் செய்தியைக் கேட்காத ஒரே ஆள் நான்தான்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று குதிரைகள் வந்தன. பக்கத்துப் பண்ணை சிப்ரியானோ கால்ஃபின், அவன் தம்பி, தெல்ஃபினா அக்கா. ஆறு லீக், முப்பது கிலோமீட்டர் தூரத்தை எதிர்க்காற்றில் கடந்து வந்திருக்கிறார்கள். யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன்.

“அண்ணே, உம்ம சம்சாரம் ரேடியோவுல பல்லைத் தேடுறாங்க” என்றான் சிப்ரியானோ.

“எந்தப் பல்லை?”

“அத எங்கிட்ட கேட்டா? ‘பல் உள்ளே இருந்ததா, உருண்டு வந்ததா, உடனே பதில், ஒர்த்தென்சியா.’ ரெண்டு தடவ வாசிச்சாங்க. குதிரைக் காணோம்னு வந்த செய்திக்கும் பேறுகால செய்திக்கும் நடுவுல.”

“வாயத் தொற, பாப்போம்” என்றாள் தெல்ஃபினா அக்கா. திறந்தேன். “எல்லாம் இருக்கே! பாவி, பல்லு போன மனுசனாச்சேன்னு எலும்பக் குழையக் குழைய வேகவச்சுத் தூக்கிட்டு வந்தேன். இனி இத நாய்க்குத்தான் போடணும்.”

நாய்க்குப் போடவில்லை. நாலு பேரும் தின்றோம். அது உன் பல்லுமில்லை என் பல்லுமில்லை, ஆடு மாதிரி ஒரு பிராணி, இன்று உலகத்தில் எங்குமே இல்லை என்று விளக்கினேன். “இல்லாத ஆட்டோட பல்லுக்கு இவ்ளோ அவசரமா?” என்று தம்பிக்காரன் கேட்டான். “பொம்பளைங்க பல்லக் கேட்டா பல்லையா கேக்குறாங்க” என்றாள் தெல்ஃபினா அக்கா. மாத்தே இலைக் கஷாயம் குடித்துவிட்டு, இருட்டுமுன் கிளம்பிப் போனார்கள். நாலு தட்டுகளும் மேசையில் இருந்தன. அன்று நான் அவற்றைக் கழுவவில்லை.

உன் கேள்விக்குப் பதில். அது உருண்டு வந்தது. சரிவின் அடியில், முட்புதருக்கு மேற்கே கிடந்தது. அந்த வாரம் முழுக்க, ‘உருண்டதைக் கொண்டுவராதே, இடமில்லாத பல் வெறும் கல்’ என்று நீ கடிந்துகொண்டிருந்தாய். வெறுங்கையோடு கூடாரத்துக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. அதனால் இருந்த இடம் என்று எழுதிவிட்டேன்.

பிழை என்னுடையது. இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். நாளை காலை எலிசாந்த்ரோ வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

லெயாந்த்ரோ


ரொசாரியோ
1969 ஜூன் 12

அன்புள்ள லெயாந்த்ரோ,

உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. அலுவலகத்தில் பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்து பிரித்தேன். படித்துவிட்டு உட்கார்ந்தே தூங்கிவிட்டேன். மார்ச்சுக்குப் பிறகு அதுதான் ஒழுங்கான தூக்கம்.

குறிப்பு அச்சுக்குப் போயிற்று. ‘212-ஆம் பல்லின் இடம் பற்றிய பதிவு, சேகரிப்பாளரின் பிழை’ என்று ஒரு வரி வருகிறது. அந்தச் சொல்லுக்காக வருந்துகிறேன். இயக்குநர், “பதினாலு வருஷம் வேலை பாத்த மனுசன், தானே ஒத்துக்கிட்டாரே, பெரிய மனசும்மா” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

தெல்ஃபினா அக்காவின் எலும்புச் சூப்பை நினைத்து இன்று பேருந்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அக்டோபரில் வர முடிந்தால் வா. கூட்டம் மூன்று நாள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

ஒர்த்தென்சியா


ரொசாரியோ
1969 ஜூலை 8

லெயாந்த்ரோ,

முந்திய கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. இதற்கு எழுது.

குறிப்பு அச்சாகி ஒரு வாரத்தில் செவெரினி என் அறைக்கு வந்தார். இயக்குநரிடம் உன் கடிதத்தை வாங்கிப் படித்திருந்தார். கோபமாக வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “டாக்டர், உங்க ஆளு திட்டு வாங்கக் கூடாதுன்னு ஒரு பல்லுக்குப் பொய்யா இடம் எழுதியிருக்காரு. சரி. உங்க முந்நூத்தி நாப்பதுல அவர் எழுதுனது எத்தனை?”

எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

“அப்ப அந்த வாரத்துல இன்னும் எத்தனை தடவ அவருக்கு வெறுங்கையோட திரும்ப மனசில்லாம இருந்துச்சு?” என்றார். நீ என் படிக்கட்டைக் காப்பாற்ற ஒரு கல்லைப் பிடுங்கினாய். எல்லாப் படியும் அதன்மேல்தான் நின்றது.

அவர் போனதும் 212-ஐ எடுத்தேன். எட்டு ஆண்டுகளில் முதல் முறையாக அதன் வேர்க்குழியை ஊசியால் சுத்தம் செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. உள்ளே இறுகியிருந்தது பச்சைக் களிமண். வெளியே ஒட்டியது அல்ல. குழியின் நுனிவரை, பல் மண்ணில் புதைந்த காலத்தில் நிறைந்தது. மேல் அடுக்கிலிருந்து விழுந்ததென்றால் அங்கே வெளிறிய சாம்பல் இருக்க வேண்டும். நுண்ணோக்கியில் விளிம்புகளையும் பார்த்தேன். ஒரு சிராய்ப்பு இல்லை. அது எங்கேயும் உருளவில்லை.

நீ பொய் சொன்னது 1961-இல் அல்ல. இந்த மே மாதம்.

முட்புதருக்கு மேற்கே என்றாயே, அந்த முட்புதர் எவ்வளவு நன்றாக இருந்தது! நான் தவறிவிட்டேன் என்ற உண்மையைத் தாங்க மாட்டேன் என்று நீயே எப்படி முடிவுசெய்தாய்? எனக்கு எதுவும் விளக்க வேண்டாம். 22 ஜனவரி 1961-க்கான பதிவை, நடந்தபடி, தேதியிட்டுக் கையெழுத்திட்டு அனுப்பு.

ஒ. பார்ரால்


சாம்பல் பள்ளம்
1969 ஆகஸ்ட் 27

தென்சா,

பனியில் பாதை ஐந்து வாரம் மூடியிருந்தது. நீ ஜூனில் எழுதியதும் ஜூலையில் எழுதியதும் ஒரே கட்டாக வந்தன. ஜூன் கடிதத்தை முதலில் பிரித்தேன். மாடி அறை என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு மற்றதைப் பிரித்தேன்.

பதிவு:

22 ஜனவரி 1961, காலை பத்து மணி. சாம்பல் அடுக்கின் அடிவிளிம்பிலிருந்து கயிறு விட்டு அளந்தபோது நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டர் கீழே. பச்சைக் களிமண்ணில் பல்லின் அரைக்கும் பரப்பு மட்டும் நகம் அளவு வெளியே தெரிந்தது. மண்ணில் விரிசலோ சரிவோ இல்லை. தொடாமல் அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்து, நான்கு கல் வைத்துவிட்டு, நீ வந்து பார்க்க வேண்டும் என்று கூடாரத்துக்கு வந்தேன். நீ எழுதிக்கொண்டிருந்தாய். “நாளைக்குப் பாக்குறேன்” என்றாய். மறுநாளும் அதையே சொன்னாய். மூன்றாம் நாள் மழை வரும்போல இருந்ததால் நானே வெட்டி எடுத்தேன். உன் மேசைமேல் வைத்து, “இது உன் வரிசைல நிக்காது” என்றேன். நீ அளந்து பார்த்துவிட்டு, “நம்பர் போட்டு வை” என்றாய். குறிப்பேட்டில் உள்ள தேதி நான் அதைக் கண்ட நாளுடையது.
லெயாந்த்ரோ உகார்த்தே. 27 ஆகஸ்ட் 1969.

பதிவு அவ்வளவுதான். இனி நீ கேட்காதது.

நான் 1966-இல் கிளம்பியது அந்த அட்டவணையைப் பார்த்த பிறகுதான். 340 என்று அச்சில் இருந்தது. உன்னிடம் சண்டை போட்டிருக்கலாம். போடத் தெரியவில்லை, பெட்டி கட்டத்தான் தெரிந்தது. மூன்று வருடம் நான் சரியாக இருந்தேன். சரியாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது காற்றுதான். பிறகு உன் கடிதம் வந்தது. நீ எந்தப் பதிலுக்காகக் கேட்கிறாய் என்று அதிலேயே எழுதியிருந்தது, ‘எவருக்கும் நேரக்கூடிய பிழை’ என்று. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் யாரோ ஒருத்தி ரொசாரியோவில் நிம்மதியாகத் தூங்குவாள் என்று தோன்றியது. அவள் தூங்கவும் செய்தாள்.

மற்ற 296-உம் எழுதியபடிதான். என் வார்த்தையை இனி எவரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

லெயாந்த்ரோ


ரொசாரியோ
1969 அக்டோபர் 21

லெயாந்த்ரோ,

கூட்டம் பதினாறாம் தேதி நடந்தது. உன் பதிவை முழுக்க வாசித்தேன், “நம்பர் போட்டு வை” என்பது உட்பட. 212 இருந்த இடத்திலேயே எடுக்கப்பட்டது, அதை அட்டவணையிலிருந்து நீக்கியது என் முடிவு, ஜூன் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னேன்.

பிறகு புதிய படத்தைச் சுவரில் மாட்டினேன். 341 புள்ளிகள். 212-ஐச் சேர்த்துப் பார்த்தால், நான் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்த பற்களே வேறு மாதிரி பிரிகின்றன. அரைக்கும் பரப்பின் மடிப்புகளைப் பார்த்தால் குறைந்தது மூன்று கிளைகள் தெரிகின்றன. ஒன்று குட்டைப் பல்லாகவே இருந்து அழிந்தது. ஒன்று மெல்ல மெல்ல நீண்டது, என் படிக்கட்டில் மிஞ்சியது அது மட்டும். 212 மூன்றாவது. சாம்பல் விழுவதற்கு வெகுகாலம் முன்பே, ஓடைக்கரை மணலைத் தின்றோ என்னவோ, நீண்டுவிட்டு, சாம்பல் வரும்முன் இல்லாமல் போனது. படிக்கட்டு இல்லை, புதர். பெரும்பாலான கிளைகள் பாதியில் பட்டுப்போனவை. மேலிருந்து திரும்பிப் பார்த்ததால், மிஞ்சிய ஒரு கிளையை நான் பாதை என்று நினைத்துவிட்டேன்.

செவெரினி எழுந்து, “நேர்மைக்கு வணக்கம். ஆனா ஒத்தப் பல்லு கிளை ஆகாது, அதுவும் இந்த ஆளு எடுத்த பல்லு” என்றார். “ரெண்டாவது ஒண்ணு பச்சைக் களிமண்ணுல கிடைக்கட்டும். மண்ணுக்குள்ள இருக்கும்போதே என் கண்ணால பாத்தா, நானே கையெழுத்துப் போடுறேன்.” ஜனவரியில் வருகிறீர்களா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். பிரிவுத் தலைமை வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு விடுமுறை நிறைய இருக்கிறது.

ஜனவரி ஐந்தாம் தேதி எலிசாந்த்ரோவின் லாரியில் இரண்டு கூடாரங்களோடு வருகிறோம். மார்ச் வரை இருப்போம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் தெரியவில்லை, மன்னிக்கவும் தெரியவில்லை. அந்தச் சரிவை உன்னைவிட அறிந்தவர் யாருமில்லை. எங்கே தோண்டலாம் என்று நேரில் பேசலாம்.

தென்சா


சாம்பல் பள்ளம்
1969 நவம்பர் 18

தென்சா,

உன் கடிதத்தில் கடைசியில் இருந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் நான் இங்கே இருக்க மாட்டேன். மேற்கே மலையடிவாரக் கோடை மேய்ச்சலுக்கு ஆடுகளை ஓட்டிப்போக ஆள் வேண்டும் என்று பண்ணை மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே போக யாருக்கும் பிடிக்காது, ஏப்ரல் வரை மனித முகம் கிடையாது. நான் போகிறேன் என்றேன். “ஏன்யா, இங்க இருக்குற தனிமை பத்தலையா?” என்றார். பண்ணைப் பேரேட்டில் என் பெயரையும் கிளம்பும் தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். செவெரினி கேட்டால் அதைக் காட்டு.

நீ இரண்டாவது பல்லைக் கண்டுபிடித்து, அப்போது நான் இந்தக் குடிலில் இருந்தேன் என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பார். பொய்யெழுதியவன் சரிவுக்கு அடியிலேயே மூன்று வருடம் குடியிருந்தான், பச்சை மண்ணில் பல்லைச் செருகிவைக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பார்கள். நான் கிட்டே இருந்தால் நீ எடுப்பது எதுவும் செல்லாது. ஆகஸ்டிலிருந்து சரிவுப் பக்கம் கால் வைக்கவில்லை. ஆடு அங்கே ஏறினாலும் நாயை மட்டும் அனுப்புகிறேன்.

எங்கே தோண்டலாம் என்று கேட்காதே. அங்கே எதையாவது பார்த்தாயா என்றும் கேட்காதே. பார்த்திருந்தாலும் சொல்ல முடியாது, சொன்னால் அது என் பல்லாகிவிடும்.

குடிலை எடுத்துக்கொள், கூடாரம் இந்தக் காற்றுக்கு நிற்காது. இரண்டாவது கிணற்றுத் தண்ணீரைக் குடி, முதலாவது உப்பு. மேல்காற்று அடித்தால் அடுப்பு புகையும், கதவை விரற்கடை திறந்து வை. மாவை எலிக்கு எட்டாமல் உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். இருமலுக்குத் தெல்ஃபினா அக்கா ஒரு வேர் தருவாள். கசக்கும், குடித்துவிடு.

டிசம்பர் மூன்றாம் தேதி கிளம்புகிறேன். மேய்ச்சல் இடத்துக்குத் தபால் கிடையாது. இரண்டாவது பல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உன் கையாலேயே குறிப்பேட்டில் எழுதி, மேசைமேல் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போ. ஏப்ரலில் வந்து படித்துக்கொள்கிறேன்.

லெயாந்த்ரோ